விடாய் தெரியாதவன்

நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்த புத்தகங்கள் இரண்டுதான். இரண்டிலும் ஒரே கதைதான் ஓடுகிறது. மனித இரத்தம் குடித்துச் சாகாமல் இருக்கும் ஓர் அழகான பையன், அவனைக் காதலிக்கும் ஒரு பள்ளிக்கூடப் பெண். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. முதலாவது புத்தகம் இன்னும் கொஞ்சம் நன்றாக எழுதப்பட்டிருந்தால் என் மனைவி சில மாதமாவது கூட இருந்திருப்பாள் என்று நான் நினைக்கிறேன். அது சரியான நினைப்போ தெரியாது. ஆனால் அது என்னை விட்டுப் போகவில்லை.

கிளிநொச்சிப் பக்கம் ஜெயபுரத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல். பிள்ளைகள் இல்லை. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன என்று தெரிந்த பிறகு, கிழமைக்கு இரண்டு தரம் ஆசுபத்திரிக்குப் போனோம். காலை முதல் பஸ்ஸில் பரந்தன் சந்திவரை போய், அங்கே இறங்கி இன்னொரு பஸ் ஏற வேண்டும். இரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுக்கும் மெசினில் நான்கு மணித்தியாலம் படுத்திருப்பாள். திரும்பி வரும்போது சந்தியில் அவளுக்குத் தலை சுற்றும். சனம் பார்க்கும் என்று என் தோளைப் பிடிக்க மாட்டாள். குடையின் ஒரு நுனியை அவள் பிடிப்பாள், மற்ற நுனியை நான் பிடிப்பேன்.

மெசினை விடக் கொடியது தண்ணீர். ஒரு நாளைக்கு அரை லீற்றருக்கு மேல் குடிக்கக் கூடாது. தேத்தண்ணி, சொதி, மாத்திரை விழுங்கும் மிடறு எல்லாம் அதற்குள். எங்கள் வேலிக்கு அப்பால் வாய்க்கால். குளம் திறந்துவிட்டால் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். அவள் பார்க்க நான் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டேன். கிணற்றடிக்குப் போய், உடுப்புத் தோய்க்கும் கல்லுக்குப் பின்னால் குந்தியிருந்து குடிப்பேன்.

“நீங்கள் ஒளிச்சிருந்து கள்ளுக் குடிக்கிறியள் எண்டு சனம் நினைக்கப் போகுது” என்று அவள் ஒரு நாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஆசுபத்திரி வாட்டில் பக்கத்துக் கட்டிலில் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி. அவளுக்கும் எங்கள் நாட்களிலேயே மெசின். மடியில் தலையணையை வைத்து, அதன்மேல் ஒரு தடித்த புத்தகத்தை வைத்து, ஊசி ஏற்றாத கையால் பக்கம் புரட்டுவாள். வெளிநாட்டுக் கதை, தமிழில் மாற்றியிருந்தார்கள். கறுப்பு அட்டையில் வெளிறிய முகம் ஒன்று, உதட்டோரம் ஒரு துளி சிவப்பு.

“என்ன பிள்ளை, உது பேய்க்கதையே?” என்று என் மனைவி கேட்டாள்.

“பேயில்லை அன்ரி. இரத்தம் குடிக்கிறவன். ஆனா நல்லவன்.”

“இரத்தம் குடிக்கிறவன் என்னெண்டு நல்லவன்?”

“வடிவா இருப்பான் அன்ரி.”

வாட்டே சிரித்தது. அந்தப் பிள்ளைக்கு வெட்கம் வந்துவிட்டது. “எங்கட வகுப்பில இதுக்கு வரிசையில நிக்கினம். நான் வாசிச்சு முடிய உங்களுக்குத் தாறன் அன்ரி. முடிவு சூப்பராம்” என்றாள்.

அடுத்த மாதம் ஒரு நாள் நாங்கள் போனபோது அந்தக் கட்டிலில் வேறோர் ஆள் படுத்திருந்தார். அந்த வாட்டில் யாரும் எதையும் கேட்பதில்லை. தாதி புத்தகத்தைக் கொண்டுவந்து என் மனைவியின் காலடியில் வைத்து, “பிள்ளையின்ர அம்மா தந்துவிட்டவா. உங்களுக்குத் தாறன் எண்டு பிள்ளை சொன்னதாம்” என்றாள். புத்தகத்துக்குள், பாதிக்குக் கொஞ்சம் முன்னால், அடையாளத்துக்கு, ஊசிக் காயத்தில் ஒட்டும் பிளாஸ்ரரின் உறை ஒன்று இருந்தது.

அதற்கடுத்த தரம் போக வேண்டிய நாளன்று அவள் பாயை விட்டு எழும்பவில்லை.

“நான் இனி வரேல்லையப்பா. போறதும் வாறதும், போறதும் வாறதும். என்னத்துக்கு?”

எனக்குப் பேச வராது. கலியாணத்தன்று ஐயர் சொல்லச் சொன்னதையே சரியாகச் சொல்லாதவன் நான். சுற்றிப் பார்த்தேன். கதிரையில் அந்தப் புத்தகம் கிடந்தது.

“அந்தப் பிள்ளை தந்ததின்ர முடிவு என்னெண்டு தெரிய வேண்டாமே? நான் வாசிக்கிறன். நீர் படுத்திருந்து கேளும்.”

அவள் தலையைத் திருப்பினாள். “ஆர், நீங்களோ?”

“ஓம்.”

“வாட்டில, சனத்துக்கு முன்னாலயோ?”

“ஓம்.”

அவள் பத்தாம் வகுப்புவரை படித்தவள். நான் ஐந்தாம் வகுப்போடு வயலுக்கு வந்தவன். ஆசுபத்திரிப் படிவங்களைக்கூட அவள்தான் நிரப்புவாள். கன நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பி உட்கார்ந்தாள். “சரி. அது முடியுமட்டும் வாறன். முடிஞ்ச பிறகு என்னை ஒண்டும் கேக்கக் கூடாது” என்றாள்.

சம்மதித்தேன். பஸ்ஸில் வைத்துப் புரட்டிப் பார்த்தேன். நானூறு பக்கத்துக்கு மேல். நான் வாசிக்கிற வேகத்துக்கு அது பல மாதம் போகும் என்று மனம் கொஞ்சம் ஆறியது. இனி அந்தப் புத்தகம் நல்லதாக இருந்தால் போதும். இத்தனை பிள்ளைகள் வரிசையில் நின்று வாசிக்கிறார்கள் என்றால் நல்லதாகத்தானே இருக்க வேண்டும்.

வரிக்குக் கீழே விரலை வைத்துத்தான் எனக்கு வாசிக்க வரும். முதல் நாள் காது இரண்டும் நெருப்பாய்க் கொதித்தன. பனி கொட்டும் ஓர் ஊர். பெண்ணின் தகப்பன் தங்குவிடுதி நடத்துகிறார். அங்கே அறை எடுக்கும் பையனுக்கு நூற்றெழுபது வயது. பார்த்தால் பதினெட்டு. அவள் படிக்கும் பள்ளிக்கூடத்திலேயே அவனும் சேருகிறான்.

“நூற்றியெழுபது வயசில என்னத்துக்குப் பள்ளிக்கூடம்?” என்றாள் மனைவி. “நீங்கள் பத்து வயசில படிச்சது காணும் எண்டு வந்திட்டியள்.”

எதிர்க் கட்டிலில் முல்லைத்தீவில் கருவாட்டு வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் பெரியவர் இருந்தார். வாட்டில் எல்லோருக்கும் அவர் நானா. பையனும் பெண்ணும் நெருங்கி நிற்கும் இடங்கள் வந்தால் என் குரல் தானாக இறங்கிவிடும். அப்போதெல்லாம் அவர் தலையைத் தூக்குவார்.

“தம்பி, நல்ல இடம் வரக்குள்ள ஏன் ரேடியோவைக் குறைக்கிறீங்க?”

பையன் முதன்முதலாக ஒருவனின் கழுத்தைக் கடித்த நாளில், நானா தன் கையிலிருந்து போகும் சிவப்புக் குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அவன் குடிச்சுப்போட்டுப் போயிடுறான். இந்த மெசின் குடிச்சாலும் திருப்பித் தருது. மெசின்தான் நல்ல மனிசன்.”

என் மனைவி சிரித்தாள். அந்தச் சில கிழமைகள் பஸ்ஸில் போகும்போது, “அவன் ஆரெண்டு இண்டைக்கு அவளுக்குத் தெரிஞ்சிடும், பாருங்கோ” என்று கதைத்துக்கொண்டு வந்தாள். நான் புத்தகத்தைக் கும்பிடாத குறை.

பிளாஸ்ரர் உறை இருந்த பக்கம் ஒரு நாள் வந்தது. நான் நிறுத்தினேன்.

“அதை எடுக்காதேங்கோ” என்றாள். “அங்கையே கிடக்கட்டும். நீங்கள் மற்றப் பக்கத்துக்குப் போங்கோ.”

அதற்குப் பிறகுதான் புத்தகம் என்னைக் கைவிட்டது. அவன் யார் என்று பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அவன் அவளைப் பார்க்கிறான். அவள் அவனைப் பார்க்கிறாள். அவன் முகம் நிலவு போல இருக்கிறது என்று எழுதியிருக்கும். அடுத்த பக்கத்தில் பளிங்கு போல என்று இருக்கும். அதற்கடுத்த பக்கத்தில் மறுபடி நிலவு.

“பத்துப் பக்கமாக் கண்ணையே பாத்துக்கொண்டு நிக்கிறான்” என்றாள் மனைவி. “கண் டொக்குத்தரோ?”

நானா குறட்டை விடத் தொடங்கினார். நான் வயல் வரம்பில் இருந்து முன்கூட்டியே வாசித்துப் பார்த்தேன், எங்காவது நல்ல இடம் வருகிறதா என்று. மோசமான பக்கங்களைத் தாண்டிவிடலாம். ஆனால் தாண்டினால் முடிவு கிட்ட வந்துவிடும். தாண்டாவிட்டால் அவளுக்குச் சலித்துவிடும். சில நாள் தாண்டினேன், சில நாள் தாண்டவில்லை. வேளாண்மையில் தண்ணீர் கட்டுவதற்குக்கூட நான் இவ்வளவு யோசித்ததில்லை.

ஒரு நாள் அந்த இடம் வந்தது. பெண்ணின் விரலைக் கத்தி வெட்டிவிடுகிறது. இரத்தத்தைக் கண்ட பையனுக்குத் தாகம் எடுக்கிறது. அந்தத் தாகத்தை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். தொண்டையில் ஆயிரம் ரோசா முட்களாம். இனிமையான வேதனையாம். நல்ல இடம் கிடைத்துவிட்டது என்று நம்பி, முதல் நாளே வரம்பில் வைத்து அதைப் பழகியிருந்தேன். குரலை ஏற்றி வாசித்தேன்.

“நிப்பாட்டுங்கோ” என்றாள்.

நிறுத்தினேன்.

“இனிமையான வேதனையோ? விடாய் எண்டால் நாக்கு செருப்புத்தோல் மாதிரிக் கிடக்கும். விழுங்க எச்சில் இராது. ஆற்றையும் கையில தேத்தண்ணிக் கோப்பையைக் கண்டால் பறிக்கோணும் போல இருக்கும். மழை பெய்தால் கோவம் வரும். கட்டின மனிசன் கிணத்தடிக்குப் போனால் அவரிலையும் கோவம் வரும். அவர் பாவம், எனக்காண்டித்தான் ஒளிச்சுக் குடிக்கிறார் எண்டு தெரியும். தெரிஞ்சும் கோவம் வரும். இவனுக்கு ரோசாப்பூ முள்ளாம்.”



“உண்மை புள்ள” என்றார் நானா, கண்ணைத் திறக்காமல்.

“எழுதின ஆளுக்கு ஒருநாளும் தண்ணி விடாய்க்கேல்லை” என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அவள்மேல் ஒன்றும் வரவில்லை. அந்தப் புத்தகத்தின்மேல்தான் ஆத்திரம் வந்தது. நூற்றெழுபது வருடம் தாகத்தோடு திரிந்தவனுக்குச் சொல்ல இவ்வளவுதானா இருந்தது?

அதன்பிறகும் அவள் வந்தாள். சொன்ன சொல்லுக்காக வந்தாள். நான் வாசிக்கும்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு பக்கத்தைத் தவறுதலாக இரண்டு தரம் வாசித்துவிட்டேன், அவள் கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்கு எனக்குப் பயம் வந்தது.

கடைசிப் பக்கத்தை முதலில் வரம்பில் இருந்துதான் வாசித்தேன். பையனும் பெண்ணும் ஒரு பாலத்தில் நிற்கிறார்கள். எதிரே இரத்தம் குடிப்பவர்களின் பெரிய கூட்டம் வருகிறது. அவ்வளவுதான். மீதி இரண்டாம் பாகத்தில் என்று கீழே ஒரு வரி. புத்தகத்தை வாய்க்காலில் எறிய வேண்டும் போல இருந்தது. பிறகுதான் புத்தியில் பட்டது, கதை முடியவில்லை என்றால் அவள் வர வேண்டும்.

அடுத்த பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனேன். புத்தகக் கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றார்கள். அட்டையைக் காட்டி, இதன் இரண்டாம் பாகம் வேண்டும் என்று கேட்பதற்குள் வேர்த்துவிட்டது. ஒருத்தி மற்றவளைக் கிள்ளினாள்.

“மகளுக்கோ அண்ணை?” என்றார் கடைக்காரர்.

“ஓம்” என்றேன்.

“மொத்தம் நாலு பாகம். இரண்டாவது முடிஞ்சு போச்சு, இந்தியாவில இருந்து எடுப்பிக்கோணும். நம்பரைத் தந்திட்டுப் போங்கோ.”

நாலு பாகம். ஒரு வருடத்துக்கு மேல் போகும், மெதுவாக வாசித்தால் இரண்டு வருடம். அன்று முழுக்க என் முகத்தில் சந்தோசம் இருந்திருக்க வேண்டும். மாடு கன்று போட்டதோ என்று பக்கத்து வயல்காரர் கேட்டார்.

மறுநாள் வாட்டில் கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்தேன்.

“அவ்வளவுதானா?” என்றார் நானா. “இவ்வளவு நாளும் எங்களைப் பேய்க்காட்டி ஏமாத்திப்போட்டான்.”

“முடியேல்லை” என்று நான் அவசரமாகச் சொன்னேன். “இன்னும் மூண்டு பாகம் கிடக்காம். நான் கடையில சொல்லிவிட்டிருக்கிறன்.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கை ஆடி, மெசின் கத்தி, தாதி ஓடி வந்து அவள் கையைப் பிடிக்கும்வரை சிரித்தாள்.

“அது சாகாத ஆக்களுக்கு எழுதின கதையப்பா” என்றாள். “அவைக்கு நாலு பாகமும் காணாது. எனக்கு ஒண்டே கூடிப்போச்சு.”

அதற்கடுத்த தரம் பஸ் வரும் நேரத்துக்கு நான் வெளிக்கிட்டு நின்றேன். அவள் பாயில் இருந்தாள்.

“கதை முடியேல்லையே” என்றேன்.

“நான் சொன்ன சொல்லுக்கு வந்தன். நல்ல கதையா இருந்திருந்தால், அதை அறியாமல் போகக் கூடாது எண்டு எனக்கும் ஒரு ஆசை வந்திருக்கும். வரும் எண்டு நானும் பாத்தன். வரேல்லை. உங்களில பிழையில்லை.”

முதல் பஸ் போகும் சத்தம் கேட்டது. அது போய் முடிந்த பிறகு, “ஒரு செம்பு தண்ணி அள்ளிக்கொண்டு வாங்கோ” என்றாள்.

நான் போகவில்லை. அவள் இன்னொரு தரம் கேட்டாள். கிணற்றில் அள்ளி, செம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து, நடுவில் ஒரு தரமும் நிறுத்தாமல் குடித்தாள். கழுத்து ஏறி இறங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. செம்பை மடியில் வைத்துவிட்டு நெடுநேரம் மூச்சு வாங்கினாள்.

“இதை எழுதியிருக்கலாம்” என்றாள். பிறகு, “நீங்களும் இனி என்ர முன்னால குடியுங்கோ” என்றாள்.

ஒரு கோப்பையில் கொண்டுவந்து அவள் முன்னால் இருந்தேன். விழுங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவள் பதினொரு நாள் இருந்தாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கிழமை கடைக்காரர் ஃபோன் எடுத்தார். “மகளின்ர புத்தகம் வந்திட்டுது அண்ணை.” போய் வாங்கி வந்தேன். சொல்லி எடுப்பித்ததை வாங்காமல் விட முடியாது. வரம்பில் இருந்து, விரலை வைத்து, அதையும் முழுதாக வாசித்தேன். பாலத்தில் நின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்பதாம் பக்கத்தில் பையனுக்கு யாரோ ஒரு மருந்து கொடுக்கிறார்கள், அவன் தாகம் போய்விடுகிறது. ஒரே வரி. அதை வாசித்துவிட்டு, யாரோ நிறுத்தச் சொல்வார்கள் என்பது போல நிமிர்ந்து பார்த்தேன். வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது.

போன மாதம் கடைக்காரர் திரும்பவும் எடுத்தார். மூன்றாம் பாகம் வந்திருக்கிறதாம், வைக்கட்டுமா என்று கேட்டார்.

“வேண்டாம்” என்றேன். “அவவுக்குப் பிடிக்கேல்லை.”

“ஏன் அண்ணை? எல்லாப் பிள்ளையளும் விரும்பி வாசிக்குதுகள்.”

ஃபோனை வைத்துவிட்டு, கிணற்றடிக்குப் போய், கல்லுக்குப் பின்னால் குந்தியிருந்து தண்ணீர் குடித்தேன்.