இலை இல்லாத மூடி

சாப்பாட்டு மேசையில் அந்தப் பாத்திரம் இருக்கிறது. கறி பரிமாறுகிற அளவில், கனத்த வெள்ளைப் பீங்கான். வயிற்றுப் பக்கத்தில் செம்பு நிறத்தில் மினுங்கும் சின்ன இலைக்கொத்து. மூடியில் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. வீட்டுக்கு வருகிறவர்கள், எதன் மூடியையோ எடுத்து இதற்குப் போட்டிருக்கிறோம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டுக்கும் ஒரே உடம்பு. அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் என் கணவர். அந்த மூடியைக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

அப்போது புஜைராவில் இருந்தோம். துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய் டேங்குகளில் அவருக்கு இன்ஸ்பெக்டர் வேலை. வெல்டிங் கோட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டு சொல்ல வேண்டும். வளைகுடாவில் எல்லார் வீட்டிலும் பாதிச் சாமான் ஊருக்குப் போனவர்கள் விட்டுப்போனதுதான். எங்கள் சோபா ஒரு மலையாளி நர்ஸுடையது. இந்தப் பாத்திரமும் அப்படி வந்ததுதான். அவருடைய அமெரிக்க மேனேஜர் ஊர் திரும்பியபோது, மேனேஜரின் மனைவி நாலைந்து தட்டுகளோடு இதையும் கொடுத்தாள். மூடி எப்போதோ உடைந்துவிட்டதாம். இங்கிலாந்தில் செய்து அமெரிக்கப் பண்ணை வீடுகளுக்குக் கப்பலேற்றிய பீங்கான், நூறு வருஷத்துக்கும் மேல் பழசு என்று அவள் சொன்னதும் அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

மூடி தேட ஆரம்பித்த பிறகுதான் சங்கதி புரிந்தது. இந்த இலையை ஒரு தொழிற்சாலை மட்டும் போடவில்லை. பல பேர், பல அச்சுகளில் வார்த்த பாத்திரங்களின்மேல் ஏறக்குறைய ஒரே இலையை வரைந்திருக்கிறார்கள். இலையைப் பார்த்து மூடி வாங்கினால் பாத்திரத்தில் உட்காராது. உடம்பைப் பார்க்க வேண்டும். கைப்பிடி மூங்கில் கணுவைப் போல முடிச்சு முடிச்சாக இருந்தால் ஒரு வகை, முறுக்கின கயிறு போல ஓடினால் வேறு வகை, தூண்டில் முள்ளாக வளைந்தால் இன்னொன்று. மூடியின் குமிழும் அதே ஜாடையில் இருக்கும். எங்களுடையது மூங்கில். ஒரே அச்சில் இலை போட்டும் விற்றார்கள், போடாமல் வெறும் வெள்ளையாகவும் விற்றார்கள் என்று ஒருநாள் இணையத்தில் படித்துவிட்டு என்னிடம் சொன்னார். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"வெள்ளக்காரன் தின்ன எச்சத் தட்டுக்கு இத்தன கும்பிடாடா?" என்று மாமியார் போனில் கேட்பார். இவர் சிரிப்பார். வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் மகள் பாப்பாவை ஏற்றிக்கொண்டு மலைப்பாதை வழியாகத் துபாய்க்குக் கிளம்பிவிடுவார். ஊர் திரும்பும் குடும்பங்கள் வாசலில் சாமான் பரப்பி விற்கும் தெருக்களில் இருவரும் சுற்றுவார்கள். தொடக்கத்தில் படங்களை அச்செடுத்து எடுத்துப்போனார். பிறகு அதை விட்டுவிட்டார். "படமெல்லாம் எதுக்கு அம்மிணி? கையி சொல்லும்" என்றார். தட்டின் விளிம்பையும் குமிழின் கணுக்களையும் விரலால் தடவியே வகை சொன்னார். நண்பர்கள் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்காட்டுவார். எல்லாரும் கை தட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன்.

காரில் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. முன்சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பாப்பா சிக்னல் சொல்லுவாள். "ரெட் அப்பா... ரெட்... கிரீன், யல்லா!" யல்லா என்றதும் கார் பாயும். நான் உடன் போகிற நாட்களில் பின்சீட்டில் இருந்து அதைக் கேட்டு ரசித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கும் அவர்தான் அவளைக் கொண்டுபோய் விடுவார். மலையை உடைத்துக் கல் ஏற்றிவரும் லாரிகள் ஒன்றை ஒன்று முட்டுவதுபோல ஓடுகிற ரோடு அது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கதவைத் திறந்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. செய்தித்தாளில் சுற்றியிருந்ததைப் பிரித்துப் பாத்திரத்தின் மேல் வைத்தார். 'டக்' என்று உட்கார்ந்தது. மூங்கில் கணு, அதே வளைவு, விளிம்பில் ஊசி நுழைய இடமில்லை.

"பாத்தியா அம்மிணி, மூங்கிலு! இலகூட எப்படி மினுங்குது பாரு."

நான் பார்த்தேன். "இலையா? ஏனுங்க, எங்கிட்டயே வெளையாட்டா? இதுல எங்க இருக்குது இல?"

"இதா, இங்க" என்று வெறும் வெள்ளையின்மேல் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை. அவர் கண் என்னையும் பார்க்கவில்லை, மூடியையும் பார்க்கவில்லை. என் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

பாப்பா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அப்பாவ திட்டாத. அப்பாக்கு சின்னதெல்லாம் தெரியாது. சிக்னல்கூட நான்தானே சொல்றேன்? இட்ஸ் அவர் சீக்ரெட்." அவளுக்கு அப்போது எட்டு வயது.

அவர் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். "சர்க்கரைதான். நடுவுல பொகையாட்டம் இருக்குது. வெயில்ல சிக்னல் கலரு வெளுத்துப்போவுது. கம்பெனி மெடிக்கல்ல தெரிஞ்சா வேல போயிரும், விசா கேன்சல். பாப்பா அஞ்சாம் கிளாஸ் முடிக்கட்டும், அதுவரைக்கும் ஓட்டிரலாம்னு பாத்தேன்."

அன்றைக்கு நான் கத்தவில்லை. சமையலறையில் போய் நின்றேன். குழாயைத் திறந்துவிட்டு, அந்த ரோட்டின் ஒவ்வொரு வளைவையும் மனசுக்குள் ஓட்டிப்பார்த்தேன். பாப்பா ஒருநாள் தூங்கிப்போயிருந்தால்? ஜன்னல் வழியாக ஒட்டகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருந்தால்? நடந்துவிட்டதை மறக்கலாம். நடக்காமல் தப்பியதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. மயிரிழை விரிசலைப் பார்க்கவேண்டிய கண்ணால் அவர் எத்தனை டேங்குகளைச் சரி என்று கையெழுத்துப் போட்டாரோ, அதை நான் கேட்கவே இல்லை. கேட்கப் பயம்.

சாவியை அன்றே வாங்கி என் பீரோவில் வைத்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் ரொம்ப நேரம் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, முன்பே வந்திருக்க வேண்டும் என்றார். விசா கேன்சல் ஆனது. எங்கள் சாமான்களையும் வாசலில் பரப்பினோம். சோபாவை ஒரு பாகிஸ்தானி குடும்பம் எடுத்துக்கொண்டது. இந்தப் பாத்திரத்தை மட்டும் அவர் மடியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினார்.

கோயம்புத்தூரில் பார்வை மெல்ல மெல்ல முழுக்கப் போனது. பிறகு சிறுநீரகம். காலையில் மேசைக்கு வந்ததும் மூடியின் குமிழைத் தேடித் தொடுவார். "மூங்கிலுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். இலையைப் பற்றி அதற்குப்பின் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போன மழைக்காலத்தில் இறந்துபோனார்.

பாப்பா இப்போது துபாயில் வேலை பார்க்கிறாள். இந்த மாதம் கார் வாங்கியிருக்கிறாள். வாங்க வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "அம்மா, ப்ளீஸ். மெட்ரோ ஸ்டேஷன் எங்க ஆபீஸ்ல இருந்து எவ்ளோ தூரம் தெரியுமா?" என்றாள். ஆபீஸ் விட்டுக் கிளம்பும்போது என்னை ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். ஓட்டும்போது பேசாதே என்று நான் சொல்ல, வைத்தால் நீதான் தூங்கமாட்டாய் என்று அவள் சொல்ல, கடைசியில் இரண்டு பேருமே பேசாமல் இருப்போம்.

நேற்றும் அப்படித்தான். இண்டிகேட்டர் டிக் டிக்கென்று கேட்டது. கார் நின்றது. நான் லைனில் இருப்பதையே அவள் மறந்துவிட்டிருக்க வேண்டும்.

"ரெட்..." என்றாள், பக்கத்தில் யாருக்கோ சொல்வதுபோல மெதுவாக. "ரெட்... ரெட்..."

என் கை மூடியின் வெள்ளையில், அவர் விரல் வைத்த இடத்தில் இருந்தது. காத்திருந்தேன்.

"கிரீன். யல்லா, அப்பா."



கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.