லொம்போங்கில் விரால் இல்லை

மீன் பிடிக்கப் பொறுமை வேண்டும் என்று சொல்கிறவர்கள் யாரும் புருஷனுடைய காலுக்காக மீன் பிடித்திருக்க மாட்டார்கள். நான் போயிருக்கிறேன். வாரா வாரம் போய், வாரா வாரம் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். அந்தச் சில மாதங்களில் எனக்கிருந்த எரிச்சலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் முழுக்க வீட்டுக்கு வீடு பங்கு வைத்திருந்தாலும் மிச்சம் விழுந்திருக்கும்.

என் கணவர் சுற்றுலா பஸ் ஓட்டியவர். சர்க்கரை இருந்தது, அதை ஒரு நோயாகவே அவர் மதித்ததில்லை. புதுச் செருப்பு கடித்த இடம் புண்ணாகி, ஆறுவதும் கிளம்புவதுமாக ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்து, கடைசியில் வலது காலின் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த இடமும் ஆறவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம், புண் மூடிக்கொண்டு வந்தால் நல்லது, கறுப்பு மேலே ஏறினால் பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட வேண்டும். பிரேக்கை மிதிக்கிற கால் அது. அவர் காலில் போட்டிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

இந்த ஊரில் ஒருவர் உடம்பில் கத்தி பட்டால் போதும், தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் ஒன்றுசேர்ந்து ஒரே மருந்தைச் சொல்வார்கள்: ஹருவான். நம்முடைய விரால் மீன்தான். சூப் வைத்துக் குடித்தால் புண் உள்ளிருந்து ஆறிக்கொண்டு வருமாம். லிஃப்டில் கூட ஏறியவர் சொன்னார், காய்கறிக் கடை அக்கா சொன்னார், டிரெஸ்ஸிங் மாற்றுகிற மலாய் நர்ஸும் சொன்னார். டாக்டர் மட்டும், மீன் நல்ல சத்து, தாராளமாகக் கொடுங்கள், ஆனால் மாத்திரையையும் டிரெஸ்ஸிங்கையும் விட்டுவிடாதீர்கள் என்றாள். நாங்கள் எதையும் விடவில்லை. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன், பிறகு யாரும் வந்து எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

பாசாரில் விரால் கிடைக்கும். ஆனால் அது தொட்டியில் தீனி போட்டு வளர்த்தது, அதில் ஒன்றும் இல்லை, தானாக வளர்ந்த மீனாக இருக்க வேண்டும் என்று அதே ஆட்கள் அடுத்த வாக்கியத்திலேயே சொன்னார்கள். என் கணவரும் அந்தக் கட்சிதான்.

"பாசார் மீனு வேணாம். நம்ம லொம்போங்ல இல்லாத விராலா? நீ போயிட்டு வா."

நம்ம லொம்போங் என்று அவர் சொன்னது, வடக்கே ரவாங் போகிற வழியில் பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து உண்டான ஒரு சின்ன ஏரி. கல்யாணமான புதிதில் என்னை சினிமாவுக்குத்தான் அழைத்துப் போகிறார் என்று பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பியவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். அந்தக் கோபத்திலேயே அவர் தூண்டிலைப் பிடுங்கி வீசி, அவருக்கு முன்னால் நான் ஒரு மீனை எடுத்துக் காட்டினேன். அன்றிலிருந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான். அப்போதெல்லாம் புல் ஓரமாகத் தூண்டிலில் மாட்டிய ரப்பர் தவளையை இழுத்தால் தண்ணீரை வெடித்துக்கொண்டு விரால் வரும். கரையில் நாம் நடந்தாலே பொடி மீன்கள் கூட்டமாகக் கலைந்து ஓடும்.

அவர் காலில் புண் வந்தபிறகு நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது நான் தனியாகப் போய்ப் பார்த்தால் எல்லாம் மாறியிருந்தது. மேட்டில் புதிதாக அடுக்குமாடி கட்டுகிறார்கள். மழை பெய்தால் செம்மண் இறங்கி ஏரியின் ஒரு பக்கம் பால் டீ நிறத்தில் நிற்கிறது. ஆகாயத்தாமரை பாதியை மூடிவிட்டது. அதுகூடப் போகட்டும், கலங்கலும் களையும் விராலுக்குப் புதிதல்ல. பொடி மீன்தான் இல்லை. தவளையை எத்தனை முறை வீசினாலும் ஓர் அசைவில்லை. புழுவைக் கோத்து அடியில் போட்டால் உடனே இழுக்கும். எடுத்தால் கெலி. கறுத்து, வழவழவென்று, மீசையும் அதுவுமாக. மறுபடி போட்டால் மறுபடி கெலி. இங்கே எங்கும் வளர்த்து விற்கிற ஆப்பிரிக்கக் கெளுத்தி அது. முட்டை, குஞ்சு, உயிருள்ளது, செத்தது எல்லாம் அதற்கு ஒன்றுதான். பொடி மீனை எல்லாம் அது தின்று தீர்த்தபிறகு விரால் அங்கே எதைத் தின்று வாழும்?

காசு கட்டி மீன் பிடிக்கிற குளம் ஒன்றுக்கும் போய்க் கேட்டேன். அங்கேயும் கெலிதான் விட்டிருந்தார்கள். அந்த ஆளிடம் தேவையில்லாமல் சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

என் கணவர் வீட்டில் காலை ஸ்டூலின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு வீடியோ காலில் என்னை மேய்ப்பார். இடது பக்கம் போ, அந்த மரக்கட்டைக்குப் பக்கத்தில் போடு, மெதுவாக இழு, இப்படியா இழுப்பது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு கையில் தூண்டில், ஒரு கையில் போன், கழுத்தில் கொசு. ஒருநாள் போனைத் தண்ணீரில் வீசிவிடுவேன் என்று மிரட்டினேன். வீசுவதானால் அந்தக் கட்டைக்குப் பக்கத்தில் வீசு என்றார். சிரிப்பு வந்தது. திரும்பும் வழி நெடுக அழுகையும் வந்தது.

என் நாத்தனார், அவருடைய ஒரே தங்கை, கிள்ளானில் இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தலை நரைத்தபிறகும் அண்ணன்தான் அவளுக்கு எல்லாம். ஞாயிறு சாயங்காலம் ரயிலேறி வந்து சமையலில் கை கொடுப்பாள். அவளை வைத்துக்கொண்டே நான் திட்டுவேன். எவனோ வேலை வெட்டி இல்லாதவன் லொம்போங்கில் கெலியைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறான், அவன் கை விளங்காமல் போக, அவன் குடும்பம் உருப்படுமா என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொல்வேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு தேங்காய் துருவுவாள். என் வாய்க்குப் பயந்துதான் அப்படி இருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவில் கல்யாணம் இருந்தது. அதனால் அந்த வாரம் மட்டும் சனிக்கிழமை காலையிலேயே லொம்போங்குக்குப் போனேன். எனக்கு முன்பே ஒரு வாடகைக் கார் வந்து நின்றிருந்தது. கரையில் என் நாத்தனார், சுடிதாரை முழங்கால்வரை மடித்து விட்டுக்கொண்டு, ஏதோ முணுமுணுத்தபடி பிளாஸ்டிக் வாளியைச் சாய்த்துக் கெலியைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தாள்.

என் வாயில் நல்ல பேச்சு வரவில்லை. அவள் அழுதுகொண்டே சொன்னாள். அண்ணனுக்குக் காலில் புண் வந்ததும் ஒரு ஜோசியரைப் போய்ப் பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷம் மீனைக் கொன்ற தோஷம்தான் காலைப் பிடித்திருக்கிறது, சனிக்கிழமைதோறும் உயிருள்ள மீனைத் தண்ணீரில் விட்டால் விலகும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"அண்ணன் எந்தத் தண்ணியில எடுத்தாரோ அதே தண்ணியிலதான் விடணும்னு சொன்னாரு அண்ணி. நான் என்னா செய்றது லா?"

அதற்கு ஏன் கெலி என்று கேட்டேன். விலை குறைவு, கிள்ளானிலிருந்து இவ்வளவு தூரம் வாளியில் கொண்டுவந்தாலும் சாகாது, வேறு மீன் வழியிலேயே செத்துப்போனால் அண்ணனுக்கு இன்னும் பாவம் சேர்ந்துவிடுமே என்றாள். ஏரி கெட்டதற்கு அவள் ஒருத்திதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. கெலி விடுகிறவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள், செம்மண்ணை அவள் கொட்டவில்லை. ஆனால் அவர் உயிருக்காக அவள் விட்ட மீன், அவர் காலுக்காக நான் தேடுகிற மீனைப் பட்டினி போட்டுத் துரத்தியிருக்கிறது. நினைக்க நினைக்க ஆத்திரம் தாங்கவில்லை. அவள் அவ்வளவு அழாமல் இருந்திருந்தால் அன்று அறைந்தே இருப்பேன்.

அதற்குப்பிறகு அவள் மீன் விடுவதை நிறுத்திவிட்டு என்னோடு வர ஆரம்பித்தாள். அண்ணனுக்காக மீன் தின்பதையே விட்டவள், என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். கொசுவர்த்தி ஏற்றி வைத்தாள். போனைப் பிடித்துக்கொண்டு அண்ணனுக்கு ஏரியைக் காட்டினாள். நான் கெலியை இழுக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிடித்த கெலியை நான் திரும்ப விடவில்லை, கேட்டவர்களுக்குக் கொடுத்தேன்.

புண்ணின் ஓரத்தில் கறுப்பு தெரிய ஆரம்பித்தது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எல்லாரும் சொல்கிற மருந்தை ஒரு கிண்ணம்கூட அவர் குடிக்கவில்லையே என்ற ஒரே எண்ணத்தோடு அதற்கு முதல்நாள் காலை லொம்போங்கில் நின்றேன். பாசார் மீனை வாங்கியிருக்கலாமே என்று இப்போது கேட்பீர்கள். வாங்கினேன், வைத்தேன், அவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிட்டார்.

நாத்தனார்தான் முதலில் பார்த்தாள். தண்ணீர் கொதிக்கிறது என்று கையைக் காட்டினாள். களை இல்லாத ஒரு சின்ன இடத்தில் மேல்தண்ணீர் பொரிந்துகொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் சிவப்பு. விரால் குஞ்சுகள், பந்தாகத் திரண்டு, மேலே வந்து மூச்செடுத்து இறங்கிக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே தாயோ தகப்பனோ காவல் நிற்கும். மானமுள்ள தூண்டில்காரன் அந்த மீனை எடுக்க மாட்டான். அதற்குப் பசி கிடையாது. குஞ்சுக்கு மேலே எது விழுந்தாலும் விரட்டுவதற்காகக் கடிக்கும், அதனால் பிடிப்பது சுலபம். காவல் போய்விட்டால் குஞ்சுகள் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. கெலி நிறைந்த தண்ணீரில் கேட்கவே வேண்டாம். அந்த ஏரியில் இனி விரால் உண்டா இல்லையா என்பது அந்தக் குஞ்சுகள் பிழைப்பதில்தான் இருந்தது.

அவர் போனில் பார்த்துவிட்டார். அந்த முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. குஞ்சு போட்டிருக்கு, குஞ்சு போட்டிருக்கு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு என் தூண்டிலில் தவளை தொங்குவதைக் கவனித்தார்.

"வேணாம்மா. அத எடுக்காத. நூலச் சுத்திக்கிட்டு வீட்டுக்கு வந்துரு."

நான் நாத்தனாரைப் பார்த்தேன். ஓர் உயிருக்கும் கெடுதல் வரக்கூடாதென்று வாளி வாளியாகச் சுமந்தவள், போனின் முகத்தைத் தன் மார்போடு கவிழ்த்துக்கொண்டாள்.

"புடிங்க அண்ணி. பாவம் எனக்கு வரட்டும்."

வீசினேன். தவளை விழுந்ததும் தண்ணீர் வெடித்தது. என் முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கும், நல்ல மீன். கரையேற்றிப் பையில் போட்டுவிட்டுத் திரும்பினால் குஞ்சுகள் தாறுமாறாகச் சிதறிக்கொண்டிருந்தன. அடியிலிருந்து கறுத்த முதுகுகள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு மேலே வந்தன. ஜோடி விரால் வருமா என்று நின்று பார்த்தோம். வரவில்லை. தண்ணீர் அடங்கி, சிவப்பு என்று ஒன்று அங்கே இருந்ததே தெரியாமல் போயிற்று. பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தோம்.

சூப் வைத்துக் கொடுத்தேன். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எடுத்தாயா என்று கேட்கவில்லை. அடிவரை குடித்துவிட்டு, உப்பு கொஞ்சம் குறைவு என்றார்.

மறுநாள் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தாள். இனி காத்திருந்தால் முழங்காலுக்குக் கீழே எதுவும் மிஞ்சாது என்றாள். அந்த வாரமே பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள். ஒரு கிண்ணம் சூப் எந்தக் காலைக் காப்பாற்றும்? அது எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும், முன்பே கிடைத்திருந்தால், முன்பே கிடைத்திருந்தால் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. நாத்தனார் என் கையைப் பிடித்துப் பிடித்து இறக்கினாள்.

வலி கொஞ்சம் அடங்கிய ஒரு சாயங்காலம் அவர் கேட்டார்.

"அந்தக் குஞ்சுங்க என்னா ஆச்சு?"

நாத்தனார் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஜோடி மீன் வந்து காவலுக்கு நின்றுவிட்டது, குஞ்சுகளெல்லாம் நன்றாக இருக்கின்றன என்று நான் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார். தனியாக ஒரு ஷூ செய்து தருவார்களாம், அதைப் போட்டு நடக்கப் பழகியதும் முதலில் லொம்போங்குக்குத்தான் போக வேண்டும், அதற்குள் அவை ஒரு சாண் வளர்ந்திருக்கும், பிடிக்க வேண்டாம், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றார். அவ்வளவு நாளில் அவர் எங்கேயாவது போக வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த வார சனிக்கிழமை நானும் நாத்தனாரும் பாசாருக்குப் போனோம். தொட்டியில் விரால் கிடந்தது. கெலி விழுங்க முடியாத அளவில், ஆனால் இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்துப் பொறுக்கச் சொன்னேன். மீன்கார அண்ணன் சிரித்தார். இதில் சதையே இருக்காது, ஆஸ்பத்திரியில் இருக்கிறவருக்கு என்றால் பெரியதாக எடுத்துப் போங்கள் என்றார். வேண்டாம், சின்னதே போதும் என்றேன். அவர் எடை போட்டுவிட்டு, வழக்கம்போல ஒன்றைப் பலகையில் வைத்துக் கத்தியை எடுத்தார்.

"வெட்டாதீங்கண்ணே," என்றாள் நாத்தனார். "தண்ணியோட குடுங்க."