புதுக் கார்டுக்கு வேண்டாத பழைய முகவரி

ஓசூரில் பித்தளை புஷ், அதாவது மெஷின்களுக்குள் போடும் வளையம், செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது எனக்கு முதல் வேலை. முதலாளிகள் இரண்டு பேர், அண்ணன் தம்பி. பெரிய சார், சின்ன சார் என்போம். யாரிடம் எதைக் கேட்டாலும் இருவரும் பதில் சொல்வது அங்கே நடைமுறை. "லாரியை அனுப்பலாமா சார்?" என்றால் ஒரு கேபினிலிருந்து "அனுப்பு" வரும், இன்னொன்றிலிருந்து "இரு" வரும். லாரி ஜூஜுவாடி செக்போஸ்ட் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டில் நிற்கும்.

அங்கே ஒரு கேமரா மெஷின் உண்டு. ஓடிவரும் புஷ்களைப் படமெடுத்து, விரிசல் இருந்தால் திரையில் சிவப்பு வட்டம் போடும். அதைப் பார்த்துக் கெட்டதைப் பொறுக்குபவர் காவேரிப்பட்டினத்து அக்கா ஒருவர். அப்போதுதான் விரிசல் பீஸ் கலந்துபோய் ஒரு லாட் கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்திருந்தது. இன்னொன்று வந்தால் அக்காவை பேக்கிங்கில் போட்டுவிடுவதாகப் பெரிய சார் சொல்லியிருந்தார். பேக்கிங்கில் நாள் முழுக்க நின்றே வேலை. அக்காவின் முட்டி அதற்கு ஒத்துக்கொள்ளாது.

இந்த நேரம் பார்த்து சின்ன சாருக்கு ஓர் ஆசை. கஸ்டமர் வரும்போது மெஷின் எடுக்கும் படம் வரவேற்பறையின் பெரிய டிவியில் ஓட வேண்டும். "முடியுமா தம்பி?" என்றார். முடியாது என்று சொல்ல எனக்கு வராது.

மெஷின் கம்ப்யூட்டரில் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு பழையது. மென்பொருள் அதைவிடப் பழையது. யாரையும் கேட்காமல் நேராகக் கார்டின் ரெஜிஸ்டர்களில், அதாவது அதன் உள் அறைகளில், எண்களை எழுதித் திரையை மாற்றும். அந்த ரெஜிஸ்டர்களுக்கு எல்லாக் கார்டிலும் ஒரே முகவரிதான். ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு கார்டு என்று நம்பிய காலத்து ஏற்பாடு. நான் டிவிக்காகப் புதுக் கார்டைச் செருகினேன். பழைய முகவரிக்குக் கட்டளை போனதும் இரண்டு கார்டும் "சார்" என்று எழுந்து நின்றன. இரண்டு திரையும் இருண்டன.

அக்காவுக்கு விளக்கினேன். "நம்ம ஆபீஸ் மாதிரியேதான் இருக்குது" என்றார்.

அந்தக் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸுக்குள் இதற்கென்றே ஒரு நடுவர் ஏற்பாடு இருக்கிறது. பழைய முகவரியை ஒரு நேரத்தில் ஒரு கார்டுக்கு மட்டும் திறந்துவிட்டு, மற்றதன் காதை அடைத்துவைக்கும். இரண்டும் முறைபோட்டுக்கொள்ளும்படி ஒரு புரோகிராம் எழுதினேன். கொஞ்சம் அது, கொஞ்சம் இது. நீதி என்றால் அப்படியொரு நீதி. டிவியில் புஷ் ஓடியது. சின்ன சார் தோளில் தட்டினார்.

அக்கா தட்டவில்லை. "ஏந்தம்பி, உன் டிவி அசையறப்பல்லாம் என் ஸ்கிரீன் நின்னு நின்னு போவுது. வட்டம் வர்றதுக்குள்ள புஷ்ஷு நல்ல டப்பாவுல உழுந்துருது."

"ஒரு செகண்டுகூட இருக்காதுக்கா."

"அப்ப நீயே உக்காந்து பொறுக்கு. லாட்டு திரும்பி வந்தா நீயே போயி பேக்கிங்குல நில்லு."

உட்கார்ந்தேன். வட்டம் வந்தபோது புஷ் போயிருந்தது. நல்ல டப்பாவைக் கவிழ்த்து இருவருமாகத் தேடினோம். மறுநாள் கஸ்டமர் வருகிறார்கள்.

நடுவரைப் பற்றிய ஆவணத்தை நான் பாதிதான் படித்திருந்தேன். ஒன்றைத் திறந்து மற்றதைப் பூட்டத் தெரிந்ததும் எழுத ஓடிவிட்டேன். மீதியை இப்போது படித்தேன். புதுக் கார்டுக்கு அந்தப் பழைய முகவரி தேவையே இல்லையாம். அதை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்கு வேறு வழி உண்டு. 'இதற்கு வேண்டாம்' என்று நடுவரிடம் ஒரு வரி சொன்னால் போதும், பழையது யாருக்காகவும் காத்திருக்காது. கேட்காதவனுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கத்தான் அவ்வளவு எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு அந்த ஒரு வரியைப் போட்டேன். அக்காவின் திரை நிற்காமல் ஓடியது. டிவியும்தான்.

அக்காவிடம் நான் இதைச் சொன்னதைப் பெரிய சார் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப புதுசுகிட்ட, இதுல நீ தலையிடாதன்னா கேட்டுக்குதா?"

"கேட்டுக்குது சார்."

தம்பியின் கேபினை ஒரு பார்வை பார்த்தார். "ஆளுங்களுக்குப் போடற மாதிரி இந்த வரி வந்துருக்குதா?"

மறுநாள் கஸ்டமர்கள் டீயோடு டிவி முன் நின்றார்கள். திரையில் சிவப்பு வட்டம் வந்தது. "அந்த பீஸ் எங்கே?" என்றார் ஒருவர். "ரிஜெக்ட்ல" என்றார் பெரிய சார். "காட்டறேன் வாங்க" என்றார் சின்ன சார், அதே மூச்சில். எல்லோரும் மெஷினுக்கு நடந்தோம்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிவப்பு ரிஜெக்ட் டப்பாவில் கைவிட்டு, மேலே கிடந்த புஷ்ஷை எடுத்து நீட்டினார். கஸ்டமர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முடி போல ஒரு விரிசல். தலையாட்டியபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி," என்றார் அக்கா, "ஸ்கிரீன மறைக்கறாரு, கொஞ்சம் நவுரச் சொல்லு. அடுத்தது வந்துருச்சு."