சுல்தான் தந்த கத்தி

பினாங்கில் ஒரு பழம்பொருள் கடையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, 1950களில் சிவகாசிக்குத் திரும்பி, ஓர் அச்சகத்தில் புரூஃப் திருத்தச் சேர்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

பட்டுத் துணியைப் பிரித்தார். உள்ளே நெளிநெளியான கத்தி. கிரிஸ் என்பார்கள்.

"மலேயாவுல ஒரு சுல்தான் எங்க அப்பாவுக்குக் குடுத்தது. எந்த ஊருச் சுல்தான்னுதான் தெரியல. நீங்க அங்கன இருந்தவுக, பாத்துச் சொல்லுங்க."

கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அலகை உப்புத்தாளால் தேய்த்துச் சோற்றுக் கரண்டி மாதிரிப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள்.

"அம்புட்டும் துரு. நம்ம மெஷின்மேனை விட்டு ரெண்டு நாள் தேய்க்கச் சொன்னேன்" என்றார் பெருமையாக.

அது துரு அல்ல. எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் பூசி வரவழைத்த கறுப்பு. நெளிவை எண்ணி ஊர் சொல்ல முடியாது; அலகின் மேனிதான் சொல்லும். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பிடியை ஒட்டி, உப்புத்தாள் எட்டாத இடத்தில், விரல் அகலத்துக்குப் பழைய மேனி தப்பியிருந்தது. சொரசொரத்த கறுப்பில் மெல்லிய வெள்ளை வரிகள். மலேயாக் கத்தியில் வரி இத்தனை எடுப்பாகத் தெரியாது. பாலித் தீவுக் கத்தி என்றால் கனமாக, வழவழவென்று இருக்கும். இது ஒடிசல்.

"இது மலேயாவே இல்லைங்க. ஜாவா."

முதலாளியின் முகம் சுருங்கியது. ஜப்பான்காரன் காலத்தில் மலேயாவில் மளிகைக் கடை வைத்திருந்த தகப்பனாரோடு இருந்த அவருடைய அக்கா, பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்ப அந்த ஆளு குடுத்ததாத்தான் இருக்கும் அண்ணாச்சி. சயாமுக்கு ரயில் ரோடு போட ஜாவாவுலருந்து ஆள் புடிச்சிட்டு வந்தாம்லா ஜப்பான்காரன், அதுல ஒருத்தன். எலும்பும் தோலுமா நம்ம கடை வாசல்ல விழுந்தான். இடுப்புல ஒளிச்சு வச்சிருந்த இதக் குடுத்து அரிசி கேட்டான். அப்பா புழுத்த அரிசியா அள்ளிப் போட்டாக. அதையும் பச்சையா அங்கனயே தின்னான்."

"அப்புறம்?"

"மறுநா கடைக்குப் பின்னால செத்துக் கெடந்தான். ஒரே நாத்தம்."

மூக்கைச் சுளித்துக் காட்டினார். அக்காவும் தம்பியும் சேர்ந்து சிரித்தார்கள்.

"ஜாவாவா இருந்தா என்ன? தீவாளி சீசனுக்குப் புது வாணத்துக்கு லேபிள் அடிக்கணும். சுல்தான் தந்த கத்தின்னே பேரு போடுவோம்" என்றார் முதலாளி.

அதே வருஷங்களில் நானும் பினாங்கில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவன். இலை போட்டார்கள். வெள்ளைச் சோற்றைப் பரிமாறினார்கள். வயிறு சரியில்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

வேலையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. மறுவாரம் லேபிளின் புரூஃப் என் மேஜைக்கு வந்தது. 'சுல்தான்' என்பதில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. வைத்துக் கொடுத்தனுப்பினேன்.