ஆளைத் துடைக்கும் செட்

ஒரு ரேடியோவில் எதுவும் கேட்கவில்லை என்றால், அந்தப் பக்கம் யாருமே இல்லை என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

பல் அக்கா அப்படித்தான் முடிவு செய்தார். பொய்ப்பல் செய்யும் பட்டறையில் அவருக்கு வேலை. மெழுகில் ஈறு வார்த்து, பல்லை வரிசையாகப் பதித்து, ஊரார் வாய்க்கெல்லாம் சிரிப்புச் செய்துகொடுப்பவர். வீட்டில் தன் வாயைத் திறக்கத்தான் ஆள் இல்லை. அம்மா போனபின் இரண்டு அறையும் ஒரு ஜன்னலும் மிச்சம். ஜன்னலுக்கு வெளியே துணிக்கொடி போலத் தொங்குவது ஆன்டெனா. மேஜைமேல் பழைய ரேடியோ செட்: புள்ளியும் கோடுமாக எழுத்தைச் சொல்லும் மோர்ஸ் ஒலியைக் கேட்கலாம், திருப்பி அனுப்பவும் செய்யலாம்.

உரிமம் இருந்தும் அக்கா அனுப்புவதில்லை. முதன்முதலாக, மெல்ல மெல்லத் தட்டி அனுப்பிய அன்று, ஊர் அமெச்சூர் ரேடியோ சங்கத்து ஆண்கள், "அக்கா, சேதி அனுப்பறீங்களா, கதவைத் தட்டறீங்களா?" என்று சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தட்டி அனுப்பும் மோர்ஸ் கீயைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தார். வருஷக்கணக்கில் ஒருத்தியை வாயடைக்க ஒரு கிண்டல் போதுமாக இருந்திருக்கிறது. சிரித்தவர்களுக்கு அது மறுநாளே மறந்துபோயிருக்கும்.

ஆனால் அக்காவின் காது கூர்மை என்பதைச் சங்கமே ஒப்புக்கொண்டிருந்தது. அதனால்தான் செயலாளர் ஒரு புது செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ரெண்டுலயும் மோர்ஸ் கேட்டுப் பாத்து எது தேவலைன்னு சொல்லுங்கக்கா. சங்கத்துக்கு ஒண்ணு வாங்கணும்."

பழையதில் எண்ணெய் காய்வது போல ஓயாத இரைச்சல். குமிழைத் தொட்டால் வழுக்கும். புதியதிலோ அக்கம்பக்கத்து ஒலியை வடிகட்டும் ஃபில்டரை இறுக்கி, இரைச்சல் குறைப்பானைப் போட்டுவிட்டால் ஒற்றை ஒலி மட்டும் மணி மாதிரி நின்றது. பக்கத்துச் சத்தம் வழித்து வைத்த தட்டுப் போலக் காலி. அந்த வாரம் முழுக்க அக்கா புதியதிலேயே உட்கார்ந்தார். "புதுசுதான்" என்று சொல்ல வாய்வரை வந்தும்விட்டது.

ஒரே ஒரு குறை. உதறலைக் காணோம்.

உதறல் என்பது சங்கத்தார் வைத்த பெயர். யாரோ ஒரு பெரியவர். கை நடுங்குவதால் புள்ளியும் கோடும் சிதறும். சொந்தமாகச் செய்த கருவி என்பதால் ஒலியும் ஓரிடத்தில் நிற்காமல் சறுக்கிக்கொண்டே போகும். தினமும் சாயங்காலம், யாராவது இருக்கிறீர்களா என்று பொதுவாகக் கூப்பிடுவார். பதில் வராது. மறுபடி கூப்பிடுவார். வேலை முடிந்து வந்து அந்தக் குரலோடுதான் அக்கா காப்பி குடிப்பார். இப்போது அந்த இடத்தில் சுத்தமான மௌனம்.

கை நடுங்குகிற வயது. போய்ச் சேர்ந்திருப்பார் என்று அக்கா தீர்மானித்தார். மறுநாள் பட்டறையில் கை ஓடவில்லை.

"என்னம்மா, கோரைப்பல்லு தலைகீழா நிக்குது?" என்றார் முதலாளி.

"தெரிஞ்சவர் ஒருத்தர் தவறிட்டாரு சார்."

"அடடா. சொந்தமா?"

"இல்ல சார். பேசினதுகூட இல்ல."

முதலாளி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகச் சொன்னார்.

ஒப்பிட்டு முடிக்க வேண்டுமே என்று அன்று சாயங்காலம் பழைய செட்டைப் போட்டார். எண்ணெய் காய்ந்தது. அதற்கு அடியில், நடுங்கிக்கொண்டு, சறுக்கிக்கொண்டு, உதறல்.

இதில் விதியையோ அற்புதத்தையோ தேட வேண்டாம். புதிய செட்டின் இறுக்கிய ஃபில்டருக்குள் அவருடைய சறுக்கல் அடங்கவில்லை. மிஞ்சியதை இரைச்சல் என்று நினைத்து இயந்திரம் துடைத்துவிட்டது. செத்துப்போனார் என்று அக்கா நினைத்த மனிதர் அந்த வாரம் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

செயலாளருக்குப் போன் போட்டார். "உதறல் கூப்பிடறாரே, உங்க யாருக்கும் கேக்கலையா?"

"நல்லாவே கேக்குதுக்கா. ஒரு வரி அனுப்பறதுக்குள்ள நமக்குத் தாடி மொளைச்சிடும். யாரும் பதில் போடவேணாம்னு பேசி வச்சிருக்கோம்."

"அது அவருக்குத் தெரியுமா?"

"அதைப் போய் யாராவது சொல்லிட்டிருப்பாங்களா? விடுங்க. புது செட்டு எப்படி, சுத்தமா கேக்குதா?"

"சுத்தமாத்தான் இருக்கு. ஆளையே துடைச்சிடுது" என்று அக்கா போனை வைத்தார். துடைக்கிற வேலையை இயந்திரத்துக்கு முன்பே சங்கம் செய்து முடித்திருந்தது.

அலமாரியிலிருந்து கீயை எடுத்துத் திருகிப் பொருத்தினார். கூப்பிடுபவரின் வேகத்திலேயே பதில் போடுவது இந்தப் பழக்கத்தின் மரியாதை. அக்காவுக்குச் சிரமமே இல்லை. கதவைத் தட்டுகிற வேகம்தான். 'கேட்கிறது. நன்றாகக் கேட்கிறது' என்று தட்டினார்.

நீண்ட நேரம் இரைச்சல் மட்டும். பிறகு ஒவ்வொரு எழுத்தாக வந்தது: 'நன்றி. ஆன்டெனா அறுந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டு முறை மாடி ஏறிப் பார்த்தேன்.'

அக்கா ஹெட்போனைக் கழற்றாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தச் சங்கத்தார் இதைப் படித்துக் கொஞ்சம் கூசினால் சரி. உங்களிடம் ஒரு செட் இருந்தால், இன்று சாயங்காலம் ஃபில்டரை அகலமாகத் திறந்து வையுங்கள். இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். யாராவது நடுங்கிக்கொண்டு கூப்பிட்டால், அவர் இன்னொரு முறை மாடி ஏறுவதற்குள், அவர் வேகத்திலேயே பதில் போடுங்கள்.