தலைகீழ்த் தையல்

தானியக் கிடங்கில் கோணியக்கா எங்கே என்று கேட்டால் போதும், யாரும் கை காட்டிவிடுவார்கள். சொந்தப் பெயர் அவளுக்கே மறந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட வீட்டில் ஆள் இருந்தால்தானே! மூட்டை வாயைத் தைப்பது அவள் வேலை. ஒரே மகன் போதைப் பொடிக்கு அடிமையாகிச் செத்தான். மிச்சம் ஒரு தம்பி. அவனும் ஜனங்களுக்காகச் சண்டை போடுகிறேன் என்று காட்டுப்படையில் போய்ச் சேர்ந்தான். அவன் போய்ச் சேர்ந்தே விட்டான் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். இவள் நம்பவில்லை. ஒற்றை ஆளுக்கு உலை வைத்து, சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டு வந்தாள்.

தம்பிக்குத் தையல் சொல்லிக்கொடுத்ததும் இவள்தான். மடையன், பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்கார்ந்து கற்றுக்கொண்டான். அதனால் அவனுக்கு எல்லாமே தலைகீழ். மற்றவர்கள் இடப்பக்கம் தொடங்கினால் அவன் வலப்பக்கம். கடைசி முடிச்சும் மறுபக்கம் சுற்றும். எவ்வளவு திட்டியும் மாறவில்லை. "மூட்டை பிரியல இல்ல? அப்புறம் என்னக்கா?" என்பான்.

அன்று சோதனைச் சாவடி அதிகாரி, லாரியில் பிடிபட்ட மூட்டைகளைக் கிடங்கில் இறக்கினார். சோதிக்கப் பிரித்த ஒன்றைத் திரும்பத் தைக்க இவளைக் கூப்பிட்டார். பிரிக்காத ஒரு மூட்டை பக்கத்தில் கிடந்தது. தையல் வலப்பக்கம் தொடங்கியிருந்தது. முடிச்சும் மறுபக்கம். சணல் புத்தம் புதுசு.

அடப்பாவி, உயிரோடு இருக்கிறாயாடா! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஓடிப்போய் யாரிடமாவது சொல்லலாம் என்றால், யாரிடம் சொல்வது?

"உள்ள என்ன சார்?"

"போதைப் பொடிம்மா. காட்டுப்படைக்காரங்க அனுப்புறாங்க. இத வித்துத்தான் துப்பாக்கி வாங்குறாங்க."

மூட்டையைத் தொடப்போன கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மகன் வாயில் தள்ளிய நுரையைத் துடைத்த கை இது. அந்தப் பொடியையா, நான் கற்றுக்கொடுத்த தையலைப் போட்டு அனுப்புகிறான்?

அதிகாரி அவள் முகத்தையே பார்த்தார். "யாரு தையல்னு தெரியுதாம்மா? ஆளு தெரிஞ்சா கூட்டத்தையே பிடிச்சிடலாம்."

தெரியாது என்றால் தம்பி பிழைப்பான். பொடியும் வந்துகொண்டே இருக்கும். சொல்லிவிட்டால் தனக்கென்று இனி ஒருவரும் இல்லை. ஊசியைக் கீழே வைத்தாள்.

"என் தம்பி தையல் சார்."

அதிகாரி அவசரமாக வெளியே ஓடினார். இவள் அந்த முடிச்சை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அவன் கையில காயம் எதுவும் இல்ல," என்றாள், கேட்க ஆளில்லாத கிடங்கில். "நேராத்தான் தைச்சிருக்கான்."