இரவல் சப்பாத்து

கண்டியில் ஒரு தேயிலைக் கம்பெனிக் கந்தோரில் கிளாக்கர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை. வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் காத்திருந்தவர் வெறுங்காலோடு வந்திருந்தார். ஆனால் வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை. உட்காருமுன் பெஞ்சைத் துடைத்தார்; பிறகு குடைப்பிடியை, நெற்றியை, எல்லாம் ஒரே கைக்குட்டையால்.

என் காலைப் பார்த்துப் பதறினார்.

“தம்பி, தொரைக்கு முன்னால சப்பாத்தோட போயிறாதீங்க. தோட்டத்துல கங்காணியே கழட்டிட்டுத்தான் நிப்பாரு. இங்க வைங்க, நான் பாத்துக்கிறேன்.”

அத்தான் இரவல் தந்த சப்பாத்து. நன்றி சொல்லிக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார்; பார்வை வெறுங்காலில் நின்றது. பெயரை மட்டும் கேட்டு அனுப்பிவிட்டார்.

அடுத்து அவரைக் கூப்பிட்டார்கள். என் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு டக் டக்கென்று உள்ளே நடந்தார்.

வேலை அவருக்குத்தான். திரும்பி வந்தவர் அதே கைக்குட்டையால் சப்பாத்தை மினுங்கத் துடைத்து என் காலடியில் வைத்தார்.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. எனக்கு அளவா இருந்திச்சு.”

துடைக்காமல் வீசியிருந்தால் அந்த ஆளை என்றோ திட்டித் தீர்த்து மறந்திருப்பேன்.